கையில் 24 சொட்டு: அலர்ஜி தோல் சோதனை செய்துகொண்ட அனுபவம்

போன மார்கழியில் கடையை மூடிவிடலாம் என்று முடிவே செய்துவிட்டேன். தேனி மாவட்டத்தில் இலவம்பஞ்சு மெத்தைக் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. போடிப் பக்கத்துப் பஞ்சை வாங்கி, விதை எடுத்து, அடித்து, மெத்தையும் தலையணையும் தைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நான் பொறுப்பெடுத்து 26 வருஷம் ஆகிறது. அதில் கடைசி ஒன்பது வருஷம் மூக்கோடு மல்லுக்கட்டியே கழிந்தது.

காலையில் கண் விழித்ததும் இருபது, முப்பது தும்மல் வரும். மூக்கு பச்சைத்தண்ணியாக ஒழுகும். கண்ணும் அண்ணமும் அரிக்கும். பத்து மணிக்குக் கொஞ்சம் அடங்கும், கடையில் போய் உட்கார்ந்தால் மறுபடி பிடித்துக்கொள்ளும். ராத்திரி ஒரு பக்க மூக்கு அடைத்தால் வாயால்தான் மூச்சு. மார்கழி, தை மாசத்தில் ரொம்ப மோசமாக இருக்கும். "பனி ஒத்துக்கலைங்க உங்களுக்கு" என்பாள் என் மனைவி. அக்கம்பக்கத்தில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னது வேறு: "பஞ்சுக்குள்ளேயே கிடந்தா மூக்கு என்னத்துக்கு ஆகும்? தொழிலை மாத்துப்பா." நானும் அதைத்தான் நம்பினேன். பஞ்சுதான் எனக்கு ஆகவில்லை, அப்பா கொடுத்த தொழிலே எனக்கு விஷம் என்று மனசில் பதிந்துவிட்டது.

மதுரையில் ஒரு காது மூக்கு தொண்டை கிளினிக்கில் தோல் சோதனை செய்துகொண்ட பிறகுதான் இந்தக் கதை மாறியது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிளினிக்கின் பெயரைப் போடவில்லை. கீழே சில குறைகளும் சொல்லப் போகிறேன், அதற்காக யாரும் அந்த இடத்தை ஒதுக்கக் கூடாது. இந்தச் சோதனையை எந்த ஊரில் செய்தாலும் எதைக் கேட்டு வாங்க வேண்டும், எதற்குப் பணம் கொடுக்க வேண்டாம் என்று தெரிந்தால் போதும்.

முதலில், இதற்கு முன்னால் நான் ஏமாந்த இடத்தைச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ஆய்வகத்தில் "ஒரே ரத்தத்தில் 200க்கு மேல் உணவு அலர்ஜி கண்டுபிடிக்கலாம்" என்று விளம்பரம் பார்த்துப் போனேன். ஒன்பதாயிரம் ரூபாய் வாங்கினார்கள். வந்த அறிக்கையில் பால், கத்தரிக்காய், நிலக்கடலை, கோதுமை, முட்டை, தக்காளி என்று பாதி சாப்பாடு சிவப்பில் இருந்தது. எட்டு மாசம் அத்தனையும் நிறுத்தினேன். ஆறு கிலோ குறைந்தேன். தும்மல் ஒன்றுகூடக் குறையவில்லை. மதுரை டாக்டரம்மா அந்த அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "இது ரத்தத்துல ஐஜிஜிங்கிற எதிர்ப்புப் புரதத்தைப் பார்க்குற சோதனைங்க. நீங்க அந்த உணவைச் சாப்பிட்டுப் பழகியிருக்கீங்கன்னுதான் இது காட்டும். அலர்ஜிக்கு இதை வெச்சு எதையும் நிறுத்தச் சொல்லக் கூடாது. அலர்ஜியைக் காட்டுறது ஐஜிஇங்கிற இன்னொரு புரதம். ரெண்டும் வேற." கடைசி எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அது தெரியாமல் எட்டு மாசம் பால் இல்லாமல் டீ குடித்திருக்கிறேன். தும்மலுக்காக இந்த மாதிரி உணவுப் பட்டியல் சோதனைக்குக் காசு கட்டப் போகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள். மூக்கில்தான் தொல்லை என்றால் மூச்சில் போகிற பொருளைத்தான் முதலில் தேட வேண்டும்.

இனி கிளினிக். முதல் தடவை போனது வீண். தேனியிலிருந்து விடிகாலை பஸ் பிடித்து, கடையை அடைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தேன். நர்ஸ் கேட்ட முதல் கேள்வியே, "அலர்ஜி மாத்திரை எப்போ போட்டீங்க?" என்பதுதான். முந்தின நாள் ராத்திரி லீவோசெட்டிரிசின் போட்டிருந்தேன். அது போட்டால்தான் பஸ்ஸில் உட்காரவே முடியும். "அப்போ இன்னிக்குச் செய்ய முடியாது, ஏழு நாள் நிறுத்திட்டு வாங்க" என்றார். மாத்திரை உடம்பில் இருந்தால் தோல் தடிக்காது, உண்மையிலேயே ஆகாத பொருளுக்கும் 'இல்லை' என்று வந்துவிடும். காரணம் சரிதான். ஆனால் போனில் நேரம் குறித்துக் கொடுத்தவர் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒரு நாள் வியாபாரமும் பஸ் காசும் மிச்சமாகியிருக்கும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பெரிய குறை. கவுன்டரிலேயே சொன்னேன். அவர்களும் ஒத்துக்கொண்டார்கள்.

நீங்கள் போவதாக இருந்தால் இதைக் கவனியுங்கள். செட்டிரிசின், லீவோசெட்டிரிசின், ஃபெக்சோஃபெனடின் மாதிரி மாத்திரைகளையும், கடையில் கேட்டு வாங்குகிற சளி மாத்திரை, இருமல் சிரப்புகளையும் காட்டி, எதை எத்தனை நாள் நிறுத்த வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மூக்கில் அடிக்கும் ஸ்டீராய்டு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை என்று எனக்குச் சொன்னார்கள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை போடுகிறவர்கள் பேரோடு சொல்ல வேண்டும். பீட்டா பிளாக்கர் வகையாக இருந்தால் டாக்டர் யோசிப்பார், நீங்களாக நிறுத்தக் கூடாது. மாத்திரையை நிறுத்தவே முடியாதவர்களுக்கு ரத்தத்தில் ஐஜிஇ பார்க்கிற வழி உண்டு. அதற்கு எந்த மாத்திரையும் தடை இல்லை, செலவுதான் கூடுதல்.

அந்த ஏழு நாள் கஷ்டமான நாள்கள். நாலாம் நாள் ராத்திரி திண்ணையில் உட்கார்ந்தே தூங்கினேன். மூக்கின் இரண்டு பக்கமும் தோல் உரிந்து, தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு கடைக்குப் போனேன்.

இரண்டாவது தடவை எல்லாம் ஒழுங்காக நடந்தது. முதலில் டாக்டரம்மா டார்ச் அடித்து மூக்குக்குள் பார்த்தார். முதுகில் ஸ்டெத் வைத்தார். ஒரு குழாயைக் கொடுத்து மூச்சைப் பலமாக ஊதச் சொன்னார். மூக்கில் அலர்ஜி இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு ஆஸ்துமாவும் சேர்ந்து இருக்குமாம். ஆஸ்துமா கட்டுப்பாட்டில் இல்லாத நாளில் தோல் சோதனை செய்யக் கூடாதாம். பக்கத்து மேஜையில் அட்ரினலின் ஊசி மருந்து தயாராக இருந்தது. "அபூர்வமா உடம்பு பூரா பாதிக்கலாம், அதுக்காக வெச்சிருக்கோம்" என்றார் நர்ஸ். நீங்கள் போகிற இடத்தில் இந்த மருந்து இல்லை என்றால் கையை நீட்டாதீர்கள்.

பிறகு இரண்டு முன்கையின் உள்பக்கமும் ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பேனாவால் எண் எழுதினார்கள். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடைவெளி. கைக்குப் பன்னிரண்டு, மொத்தம் 24. சின்னச் சின்ன பாட்டிலிலிருந்து எண்ணுக்கு ஒரு சொட்டு. சொட்டுக்கு மேலே கூர்மையான சின்ன லான்செட்டை வைத்து லேசாக ஒரு அழுத்து. ஒவ்வொரு சொட்டுக்கும் புது லான்செட். ரத்தம் வராது, எறும்பு கடித்த மாதிரி இருக்கும். 24 குத்தும் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. 15லிருந்து 20 நிமிஷம் கையை அசைக்காமல், சொறியாமல் உட்கார வேண்டும். வலி ஒன்றும் இல்லை, சொறியாமல் இருப்பதுதான் பெரிய பாடு.

அந்தப் பதினைந்து நிமிஷத்தை நான் மறக்க மாட்டேன். 1ஆம் எண் வெறும் உப்புத்தண்ணி, அது அப்படியே கிடந்தது. 2ஆம் எண் ஹிஸ்டமைன், அது எல்லாருக்கும் தடிக்க வேண்டும், தடித்தால்தான் சோதனை செல்லும். அது கொசுக்கடி மாதிரி எழும்பியது. 3ஆம் எண் இரண்டு நிமிஷத்திலேயே அரிக்க ஆரம்பித்தது. நடுவில் வெள்ளையாக ஒரு மேடு, சுற்றிலும் சிவப்பு. ஐந்தாவது நிமிஷத்தில் மேட்டின் ஓரம் வளைந்து வளைந்து, பூரானுக்குக் கால் முளைத்த மாதிரி நீண்டது. 4, 5 இரண்டும் பின்னாலேயே எழும்பின. நான் பார்த்துக்கொண்டே இருந்தது இடது கையில் கடைசி இரண்டு எண்களை. 11 பருத்தித் தூசி, 12 இலவம்பஞ்சு. நர்ஸ் சொட்டு விடும்போது பேரைச் சொல்லிக்கொண்டே விட்டதால் எனக்குத் தெரியும். பத்து நிமிஷம் ஆனது. பதினைந்து ஆனது. 12இல் குத்தின புள்ளி மட்டும் இருந்தது. சுற்றித் தோல் என் தோல் நிறத்திலேயே இருந்தது.

"அம்மா, பன்னெண்டு தடிக்கலையே" என்றேன். என் குரல் உடைந்துவிட்டது. நர்ஸுக்கு என் தொழில் தெரியாது. "நல்லதுதானேண்ணே, ஏன் கண் கலங்குறீங்க?" என்றார்.

சோதனையை முடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. கண்ணளவில் பார்த்துக் கூட்டல் குறி போட்டு அனுப்பவில்லை. ஒவ்வொரு தடிப்பின் விளிம்பையும் பேனாவால் வரைந்து, மேலே செலோடேப்பை ஒட்டி எடுத்துத் தாளில் ஒட்டினார்கள். பிறகு ஸ்கேல் வைத்து மில்லிமீட்டரில் குறித்தார்கள். உப்புத்தண்ணி 0. ஹிஸ்டமைன் 5. உப்புத்தண்ணியை விட 3 மில்லிமீட்டராவது கூடுதலாகத் தடித்தால் அந்தப் பொருளுக்கு உடம்பு கூர்உணர்வு அடைந்திருக்கிறது, அதாவது அதற்கு எதிராக ஐஜிஇ உண்டாக்கி வைத்திருக்கிறது என்று கணக்கு. அறிக்கையில் அந்த டேப்பும் இருக்கிறது. வேறு எந்த டாக்டரிடம் காட்டினாலும் அவர் அளந்து பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கு வந்தது இது. வீட்டுத் தூசியில் வாழும் தூசி உண்ணிகள் மூன்று வகை வைத்தார்கள், அதற்கு 9, 7, 6. கரப்பான்பூச்சி 5. சீமைக்கருவேல மகரந்தம் 4. நாய் 3. பார்த்தீனியம், அருகம்புல், முள்ளுக்கீரை, தென்னை, ஆமணக்கு மகரந்தங்கள் எல்லாம் 0. பூசண வகைகள், பூனை, கோழி இறகு, பட்டு, கோதுமைத் தூசி, பருத்தி, இலவம்பஞ்சு, எல்லாம் 0.

இந்த இடத்தில் பல பேர் எழுந்து வந்துவிடுகிறார்கள். என் மச்சினன் வேறு ஊரில் இதே சோதனை செய்து, ஒரு தாள் நிறையக் கூட்டல் குறி வாங்கி, "எனக்கு பதினோரு அலர்ஜி" என்று சொல்லிக்கொண்டு இருக்கிறார். அவரிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. எனக்கு டாக்டரம்மா முப்பத்தைந்து நிமிஷம் ஒதுக்கினார். நான் கொடுத்த காசில் இந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்குத்தான் மதிப்பு அதிகம் என்பேன்.

அவர் கேட்ட முதல் கேள்வி நாயைப் பற்றி. கடை வாசலில் ஆறு வருஷமாக ஒரு நாய் படுத்திருக்கிறது, என் கையால்தான் சோறு வைக்கிறேன், தொட்டால் தும்மலோ அரிப்போ வந்ததில்லை என்றேன். "அப்போ நாயை விடுங்க" என்றார். பிறகு என் தொழிலை வைத்தே விளக்கினார். "உங்க கடை நோட்டுல பேர் இருக்கிற எல்லாரும் கடன்காரங்களா? முன்பணம் கொடுத்தவங்க பேரும் அதுலதானே இருக்கும். இந்தக் கைத்தடிப்பும் அப்படித்தான். உங்க உடம்பு அந்தப் பொருளுக்கு ஐஜிஇ பண்ணி வெச்சிருக்குன்னு மட்டும் சொல்லுது. அதால உங்களுக்குத் தொல்லை வருதான்னு நீங்கதான் எனக்குச் சொல்லணும்." கூர்உணர்வு வேறு, நோய் வேறு. தும்மலே இல்லாத ஆள் கையிலும் இந்தச் சொட்டுகள் தடிக்கலாம். தாளை மட்டும் பார்த்து நாயை விரட்டியிருந்தால் அது பெரிய பாவமாகியிருக்கும்.

அடுத்து சீமைக்கருவேலம். எங்கள் கடைப் பக்கம் அவ்வளவாக இல்லை. ஆனால் மகளைக் கட்டிக்கொடுத்தது அருப்புக்கோட்டைப் பக்கம். அங்கே போனால் இரண்டாம் நாள் கண் சிவந்து அரிக்கும். சம்பந்தி வீட்டுத் தண்ணி ஒத்துக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டைச் சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் வேலிக்கருவைதான். இது பொருந்துகிறது என்று டாக்டரம்மா குறித்துக்கொண்டார். அங்கே போகும்போது மட்டும் முன்கூட்டியே ஒரு மாத்திரை. அவ்வளவுதான்.

"இறால் சாப்பிடுவீங்களா?" என்று கேட்டார். எனக்குப் புரியவில்லை. தூசி உண்ணி, கரப்பான், இறால் மூன்றிலும் டிரோபோமயோசின் என்ற ஒரே மாதிரிப் புரதம் இருக்கிறதாம். உண்ணிக்குத் தடிக்கிற சிலருக்கு இறால் சாப்பிட்டால் வாய் அரிக்கலாமாம். எனக்கு எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. "அப்போ தாராளமா சாப்பிடுங்க, சோதனை பண்ணக்கூட வேண்டாம்." பழைய ஆய்வகமாக இருந்தால் இறாலையும் பட்டியலில் சேர்த்திருப்பார்கள்.

கடைசியில் தூசி உண்ணி. பேச்சு இங்கே வந்ததும் நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன். கண்ணுக்குத் தெரியாத, எட்டுக் கால் உள்ள சின்ன உயிர், ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். கடிக்காது. நம் உடம்பிலிருந்து உதிர்கிற தோல் செதிலைத் தின்று, காற்றில் இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வாழும். ஆகாதது முக்கியமாக அதன் எச்சம்தான். வீட்டுத் தூசி ஏன் ஆகவில்லை என்று பல வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தவர்களுக்கு, 1964இல் நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் ஃபோர்ஹார்ஸ்ட் குழுவினர்தான் இந்த உண்ணியைக் காட்டிக்கொடுத்தார்களாம். அது அதிகமாகக் குடியிருக்கும் இடம் எது என்று கேட்டேன். அவர் என்னையே பார்த்தார். "மெத்தைதான். ஆனா புது மெத்தை இல்லைங்க. ஆள் படுத்துப் படுத்துப் பழசான மெத்தை."

ஒன்பது வருஷக் கணக்கு அந்த நிமிஷத்தில் நேராகிவிட்டது. மார்கழி, தையில் ஏன் மோசம்? பனியால் இல்லை. பொங்கலுக்கு வீட்டை ஒதுங்க வைக்கிறவர்கள் பழைய மெத்தையை எங்கள் கடையில் கொண்டுவந்து போடுவார்கள். பிரித்து, பஞ்சை மறுபடி அடித்து, புதுத் துணி போட்டுத் தைத்துக் கொடுப்போம். பத்து வருஷம், பதினைந்து வருஷம் ஆள் படுத்த மெத்தைகள். ஐப்பசி கார்த்திகை மழையின் ஈரத்தை வாங்கி வைத்திருப்பவை. கோணி ஊசியால் தையலைப் பிரித்ததும் கட்டியாகப் போன பஞ்சிலிருந்து பழுப்பு நிறத்தில் பொடி பறக்கும். அந்தப் பொடி புதுப் பஞ்சில் இருக்காது, அதை 26 வருஷமாகப் பார்த்திருக்கிறேன். பங்குனி, சித்திரையில் புதுக் காய் வெடித்து வருகிற சமயம் கடை முழுக்க வெள்ளையாகப் பஞ்சு பறக்கும். அப்போது எனக்கு மூக்கு லேசாக உறுத்தும், இரண்டு தும்மல் வரும், அதோடு சரி. அது எந்தத் தூசிக்கும் வருகிற உறுத்தல், அலர்ஜி இல்லை என்றார் டாக்டரம்மா. இதை இத்தனை வருஷம் நான் யோசித்ததே இல்லை. பஞ்சு, பஞ்சு என்று எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிட்டேன்.

காலைத் தும்மலுக்குக் காரணம் கடைகூட இல்லை. என் வீட்டுக் கட்டில் மெத்தைக்கு வயது 19. ஊருக்கெல்லாம் மெத்தை தைக்கிறேன், எங்கள் வீட்டு மெத்தை கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் போட்டது.

வைத்தியம் பற்றிச் சுருக்கமாக. வாரத்தில் நாலு நாளுக்கு மேல், தொடர்ந்து நாலு வாரத்துக்கு மேல் இருப்பதால் என்னுடையது நீடித்த வகை. அதற்கு மோமெட்டசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்பிரே தினமும். இதை எப்படி அடிப்பது என்று நர்ஸ் மூன்று தடவை என்னை அடிக்க வைத்துப் பார்த்தார். வலது கையால் இடது மூக்கு, இடது கையால் வலது மூக்கு, முனை நடுத்தண்டைப் பார்க்காமல் காதுப் பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். நடுத்தண்டில் படும்படி அடித்தால் எரிச்சலும் ரத்தமும் வரும். முன்பு ஒருவர் இதே ஸ்பிரேயை எழுதிக்கொடுத்தபோது இரண்டு நாள் அடித்துக் கேட்கவில்லை என்று தூக்கிப் போட்டேன். அது முழுதாக வேலை செய்ய ஒன்றிரண்டு வாரம் ஆகும் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. மெடிக்கலில் நானாகக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த மான்டெலுகாஸ்ட் கலந்த மாத்திரையை டாக்டரம்மா நிறுத்தினார். தூக்கம், மனநிலையைப் பாதிக்கலாம் என்பதால் 2020இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்குக் கடும் எச்சரிக்கை போட வைத்ததாம். வேறு வழி இருக்கும்போது மூக்குக்காக மட்டும் அது வேண்டாம் என்றார்.

உண்ணி அலர்ஜிக்கு, அந்த உண்ணியின் புரதத்தையே தடுப்பூசி மாதிரிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்து உடம்பைப் பழக்குகிற இம்யூனோதெரபி உண்டு, ஊசியாகவோ நாக்கடியிலோ, குறைந்தது மூன்று வருஷம். அவசரப்படுத்தவில்லை. ஸ்பிரேயும் வீட்டு மாற்றமும் ஆறு மாசம் பார்த்துவிட்டுப் பேசலாம் என்றார். பார்த்த அன்றைக்கே மூன்று வருஷத்துக்கு எழுதிக்கொடுக்காத டாக்டர் என்பதற்காகவே ஒரு நட்சத்திரம் கூடுதலாகக் கொடுக்கலாம்.

மெத்தைக்குப் போடுகிற உறை பற்றி என் தொழில் காரணமாகக் கொஞ்சம் விரிவாகக் கேட்டேன். நெருக்கமாக நெய்த, துளை 10 மைக்ரானுக்கும் குறைவான துணியில் ஜிப் வைத்த உறை போட்டால் உண்ணியும் எச்சமும் வெளியே வராது. ஆனால் நெதர்லாந்தில் நடந்து 2003இல் வெளியான பெரிய ஆய்வில், உறை போட்டவர்களின் மெத்தையில் உண்ணிப் புரதம் குறைந்தும், சாதாரண உறை போட்டவர்களை விட மூக்குத் தொல்லை கூடுதலாகக் குறையவில்லையாம். உறை மட்டும் போதாது. போர்வை, தலையணை உறையை வாரம் ஒருமுறை 60 டிகிரிக்குப் பக்கத்துச் சுடுதண்ணியில் ஊறவைத்துத் துவைப்பது, அறையில் ஈரம் தங்காமல் ஜன்னலைத் திறந்து வைப்பது, மெத்தையை உச்சி வெயிலில் போடுவது எல்லாம் சேர வேண்டும். வெயிலில் உண்ணி காய்ந்து சாகும், எச்சம் சாகாது. அதனால் தட்டி எடுக்க வேண்டும், அதை அலர்ஜி இல்லாத ஆள் செய்ய வேண்டும். ஃபோம் மெத்தைக்கு மாறினால் உண்ணி வராது என்று என் வாடிக்கையாளர்கள் பலர் நம்புகிறார்கள். வரும். தோல் செதிலும் ஈரமும் இருந்தால் எந்த மெத்தையிலும் வரும். இதை இலவம்பஞ்சு விற்பதற்காகச் சொல்லவில்லை. இப்போது உறை கேட்டு வருகிறவர்களிடமும் "இதைப் போட்டால் தும்மல் நின்றுவிடும்" என்று நான் சொல்வதில்லை.

மொத்தச் செலவு: சோதனைக்கு 4,000, டாக்டர் ஃபீஸ் 600. மறுபடி காட்ட பதினைந்து நாளுக்குள் போனால் ஃபீஸ் இல்லை. உணவுப் பட்டியலுக்கு அழுத ஒன்பதாயிரத்தில் பாதிதான். அறிக்கை முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. கேட்ட பிறகு நர்ஸ் ஓரத்தில் தமிழில் பேனாவால் எழுதிக் கொடுத்தார். அச்சிலேயே தமிழ் இருந்திருக்க வேண்டும். இன்னொரு குறை, காத்திருக்கும் அறை. தடித் துணித் திரைச்சீலை, துணி சோபா, சுவரில் ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை வாசனை பீய்ச்சுகிற பெட்டி. மூக்கு அலர்ஜிக்காரர்கள் உட்காரும் அறையில் அந்த வாசனைப் பெட்டி இருக்கவே கூடாது. நான் இருந்த ஒரு மணி நேரத்தில் நாலு பேர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார்கள். கருத்துப் புத்தகத்தில் எழுதி வைத்தேன். மூன்றாம் தடவை போனபோது பெட்டியை எடுத்திருந்தார்கள். திரைச்சீலை அப்படியே இருக்கிறது.

நாலு மாசம் ஆகிறது. வீட்டு மெத்தையைப் புதுப் பஞ்சில் மாற்றினேன். கடையில் பழைய மெத்தை பிரிக்கிற வேலையைப் பின்பக்கத் தகரக் கொட்டகைக்குக் கொண்டுபோய்விட்டேன். இரண்டு நாள் வெயில் காட்டாமல் எதையும் பிரிப்பதில்லை. காலையில் தும்மல் நாலைந்தோடு நிற்கிறது. இரண்டு மூக்காலும் மூச்சு விட்டுத் தூங்குகிறேன். மழைக்காலம் இனிமேல்தான், அப்போது எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டும். கடையை மூடுகிற பேச்சை வீட்டில் யாரும் இப்போது எடுப்பதில்லை.

பழைய மெத்தை பிரிக்கிறது எங்கள் கடையில் முப்பது வருஷமாக இருக்கிற ஒரு அண்ணன். அவருக்கும் இருமல் இருக்கிறது, ராத்திரி நெஞ்சு விசிலடிக்கிறது என்று போன வாரம்தான் வாய் திறந்து சொன்னார். "நம்ம வேலைக்கு இது சகஜம்தானேப்பா" என்றார். முகக்கவசம் இல்லாமல் கொட்டகைக்குள் போக வேண்டாம் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அதே கிளினிக்கில் அடுத்த வியாழக்கிழமை அவருக்கு நேரம் வாங்கியிருக்கிறேன், நானும் கூடப் போகிறேன். போனில் பேசிய பெண் இந்தத் தடவை, நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னார்: "அலர்ஜி மாத்திரை ஏதாவது போடுறாங்களாண்ணே? போட்டா இன்னிலேருந்து நிறுத்திடச் சொல்லுங்க. மூச்சுத் திணறினா மட்டும் நாள் பாக்காம உடனே கூட்டிட்டு வந்துடுங்க."